செலானை 25ஆல் பெருக்கிப் பாருங்கள்

மாதம் 679 ரூபாய். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவருக்கும் அவர் குடும்பத்துக்கும் சட்டப்படி கிடைக்க வேண்டிய மருத்துவக் காப்பீட்டின் விலை அவ்வளவுதான்.

கணக்கு இப்படி வருகிறது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். தனியார் நிறுவனத்தின் கீழ் போனால் கிடைக்கும் என்று அப்போது பேசப்பட்ட நாள் கூலி 565 ரூபாய். 30 நாளுக்கு 16,950. தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குச் சந்தாவாகத் தொழிலாளியின் கூலியில் பிடிப்பது 0.75 சதவீதம், பைசாவை அடுத்த ரூபாய்க்கு ஏற்றினால் 128 ரூபாய். வேலை கொடுப்பவர் தன் கையிலிருந்து போடுவது 3.25 சதவீதம், 551 ரூபாய். இரண்டும் சேர்ந்து 679.

தென்சென்னைப் புறநகரில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக் காரணம் உண்டு. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளும் 2021 நவம்பரில் தாம்பரம் என்ற ஒரே மாநகராட்சியாயின. மொத்தம் 70 வார்டுகள். குப்பை அள்ளுவதும் தெரு கூட்டுவதும் பெருமளவு ஒப்பந்த ஆட்களை வைத்தே நடக்கிறது. பக்கத்திலுள்ள பெருங்குடி, சோழிங்கநல்லூர் மண்டலங்களில் சென்னை மாநகராட்சி இந்த வேலையை 2020-லேயே தனியாரிடம் கொடுத்துவிட்டது. மேடவாக்கம் கூட்டுரோட்டிலோ, சானடோரியம் ரயில் நிலையத்துக்கு வெளியிலோ காலை ஆறு மணிக்குத் துடைப்பத்தோடு நிற்கும் ஒருவருக்குக் கூலி கொடுப்பது ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்குப் பணம் கொடுப்பது அரசு. இ.எஸ்.ஐ. கட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டியது யார்?

1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் இதற்குத் தெளிவாகவே பதில் வைத்திருந்தது. ஒப்பந்ததாரர் வழியாக வேலை செய்பவருக்கும் முதலில் சந்தா கட்ட வேண்டியவர் முதன்மை வேலையளிப்பவர் என்றது 40-ஆவது பிரிவு. கட்டிய பணத்தை ஒப்பந்ததாரரின் பில்லிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றது 41. ஒப்பந்ததாரர் தன் ஆட்களின் பதிவேட்டைக் கணக்குத் தீர்க்கும் முன் முதன்மை வேலையளிப்பவரிடம் கொடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவின் உட்பிரிவு ஒன்று சொன்னது. ஹைதராபாத்தின் ராயல் டாக்கீஸ் வழக்கில், தியேட்டருக்குள் கேன்டீனும் சைக்கிள் ஸ்டாண்டும் குத்தகைக்கு எடுத்தவர்களின் ஆட்களுக்கும் தியேட்டர்தான் பொறுப்பு என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டது. ஒப்பந்தத் தொழிலாளிக்கான சந்தாவை முதலில் யார் கட்டுவது என்ற விதி அங்கேயும் தொடர்கிறது.

பழைய சட்டத்தில், மாநகராட்சி என்ற அமைப்பையே இ.எஸ்.ஐ. வரம்புக்குள் கொண்டுவர மாநில அரசின் அறிவிக்கை வேண்டியிருந்தது. நகராட்சிகளின் தற்காலிக, ஒப்பந்த ஆட்களையும் சேர்க்கலாம் என்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் 2021 ஜூனில் மாநிலங்களுக்கு வழிகாட்டியது. ஆனால் 10 பேரையோ அதற்கு மேலோ வைத்து வேலை வாங்கும் ஒப்பந்த நிறுவனம் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அது தன் பெயரிலேயே இ.எஸ்.ஐ. எண் வாங்கிச் சந்தா கட்டியாக வேண்டும். டெண்டரில் அந்த நிபந்தனை இருக்கும், விலைப்புள்ளியில் அந்தத் தொகை சேர்ந்திருக்கும், மாதா மாதம் பில்லில் அது வரும். அரசுப் பணம் அந்தத் தலைப்பில் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்பதுதான் பிரச்சினை.

நூறு பேர் கொண்ட ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூலி அதே 565, மாதம் 30 நாள்.

கூலி மொத்தம்: 16,95,000 ரூபாய்
தொழிலாளர்களிடம் பிடிக்கும் இ.எஸ்.ஐ.: 12,800
ஒப்பந்ததாரர் பங்கு: 55,100
மாதச் செலான்: 67,900
ஆண்டுக்கு: 8,14,800

இதோடு ஒப்பந்ததாரரின் வரும்படியை வைத்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் கொள்முதல் தளமான ஜெம்மில் ஆள் அனுப்பும் ஒப்பந்தங்களுக்குக் குறைந்தபட்ச சேவைக் கட்டணம் 3.85 சதவீதம். அதே விகிதத்தை இங்கே போட்டால் ஓர் ஆளுக்கு மாதம் சுமார் 653 ரூபாய். மேற்பார்வையாளர் சம்பளம், அலுவலகச் செலவு, வரி எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். 551 ரூபாய் இ.எஸ்.ஐ. பங்கைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 1,204. ஏறக்குறைய இரட்டிப்பு. தொழிலாளியிடம் பிடித்த 128-ஐயும் சேர்த்து விழுங்கினால் 1,332. மிகக் குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்தவர் முதலில் கைவைக்கும் இடம் எது என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடும். கம்பெனி நல்லதா கெட்டதா என்பதைவிட ஒப்பந்தத்தின் அமைப்பே இந்தப் பக்கம்தான் தள்ளுகிறது.

தாமதத்துக்குத் தண்டனை? சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. 679 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 6 ரூபாய் 79 பைசா. அதன் மேல் இழப்பீட்டுத் தொகையும் விதிக்கலாம். தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்டால் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. புதிய தொகுப்பில் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. ஏட்டில் கடுமையான விதிதான். ஆனால் யாராவது புகார் கொடுத்து, ஆய்வாளர் வந்து, கணக்கைக் கிளறினால் மட்டுமே அது உயிர்பெறும். அதுவரை ஒப்பந்ததாரருக்கு உறைப்பது அந்த ஏழு ரூபாய்தான்.

தொழிலாளி பக்கம் கணக்கே வேறு.

காய்ச்சலோ மஞ்சள்காமாலையோ வந்து படுத்துவிட்டால் இ.எஸ்.ஐ. சராசரி நாள் கூலியில் 70 சதவீதம் தரும். 565-க்கு அது 395 ரூபாய் 50 காசு. ஆண்டுக்கு 91 நாள் வரை என்றால் ஏறத்தாழ 35,990 ரூபாய். குப்பை வண்டியில் ஏறும்போது கால் முறிந்தால் 90 சதவீதம், நாளுக்கு 508 ரூபாய் 50 காசு. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. பிரசவத்துக்கு 26 வாரம் முழுக் கூலி: 182 நாள், 1,02,830 ரூபாய். வேலையில் உயிர் போனால் குடும்பத்துக்கு மாதம் 15,255 ரூபாய் அளவில் உதவித்தொகை, ஈமச்செலவுக்கு 15,000. இவற்றுக்கு மேல் தொழிலாளிக்கும் கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வெளிநோயாளி சிகிச்சை, மருந்து, கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் உள்நோயாளி சிகிச்சை. சிகிச்சைச் செலவுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இல்லை.

தாம்பரத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனைதான் அந்தப் பகுதிக்கு சானடோரியம் என்ற பெயரையே கொடுத்தது; இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. மருந்து அங்கே யாருக்கும் இலவசம். ஆனால் காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்தோடு சாப்பாடும் ஓய்வும் வேண்டும். புழுதியிலும் குப்பையிலும் மூச்சு விடுகிறவர் கூலி போய்விடுமே என்று மருந்தோடு வேலைக்கு வந்தால் உடம்பு எப்படித் தேறும்? இ.எஸ்.ஐ. பட்டியலில் 34 நீண்டகால நோய்கள் இருக்கின்றன. காசநோய் அவற்றில் ஒன்று. அவற்றுக்கு 80 சதவீதக் கூலி, இரண்டு ஆண்டு வரை. 565-க்கு நாளுக்கு 452 ரூபாய், மாதம் 13,560. இதற்கு இரண்டு ஆண்டு தொடர்ந்த வேலையும், முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் 156 நாள் சந்தாவும் வேண்டும். மருந்தை அரசு மருத்துவமனை தந்துவிடும். அடுப்பெரியும் பணம் இந்த 452-இல்தான் இருக்கிறது.

இங்கேதான் நாள் கணக்கு வருகிறது. சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. முதல் காலத்துச் சந்தாவுக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. இரண்டாவதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. நோய்க்காலப் படி வாங்க ஒரு சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா போயிருக்க வேண்டும். ஒழுங்காக வேலைக்கு வருகிறவர் ஆறு மாதத்தில் 150 நாளைத் தாண்டிவிடுவார். 78 என்பது எளிது என்றே தோன்றும்.

ஆனால் மத்திய அரசின் உமங் செயலியைத் திறந்து சந்தா விவரத்துக்குப் போனால் மாதம், நாள், கூலி என்று வரி வரியாக வரும். ஏப்ரல் 12 நாள், 6,780 ரூபாய். மே 12 நாள், 6,780. இப்படி ஆறு மாதமும் 12 என்றே காட்டியிருந்தால் மொத்தம் 72. கார்டு இருக்கிறது, பத்து இலக்க எண் இருக்கிறது, மாதா மாதம் பிடித்தமும் நடந்திருக்கிறது, செலானும் கட்டப்பட்டிருக்கிறது. படுக்கையில் விழும்போது 35,990 ரூபாய் இல்லை. ஆறு நாள் குறைவு. அந்த ஆறு நாளுக்குச் சந்தா எவ்வளவு? 3,390 ரூபாய்க் கூலிக்கு நான்கு சதவீதம், சுமார் 136 ரூபாய்.

ஒப்பந்தம் கைமாறும்போது இன்னொரு ஓட்டை விழுகிறது. இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண் ஒருவருக்கு ஆயுள் முழுக்க ஒன்றுதான். கம்பெனி மாறினாலும் எண் மாறக் கூடாது. புதிதாக வந்த ஒப்பந்ததாரரின் ஆள் அவசரத்தில் புது எண் போட்டுவிட்டால் பழைய எண்ணில் 50 நாள், புது எண்ணில் 60 நாள் என்று கணக்கு பிளந்துபோகும். இரண்டும் தனித்தனியே 78-ஐத் தொடாது. உண்மையில் அந்தப் பணியாளர் 110 நாள் தெரு கூட்டியிருப்பார்.

மாநகராட்சியில் பில் பார்க்கும் அலுவலர் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்கலாம். முதல் சோதனைக்கு ஒரு கால்குலேட்டர் போதும். சந்தா மொத்தம் கூலியில் நான்கு சதவீதம். அதாவது 25-இல் ஒரு பங்கு. எனவே செலானில் உள்ள தொகையை 25ஆல் பெருக்கினால் கூலி மொத்தம் வர வேண்டும். 67,900-ஐப் பெருக்கினால் 16,97,500 வரும். பைசாவை ரூபாயாக ஏற்றியதால் 2,500 கூடுதல், அது சரி. எல்லோருக்கும் 12 நாள் மட்டும் காட்டியிருந்தால் செலான் சுமார் 27,120 ரூபாய்தான் இருக்கும். 25ஆல் பெருக்கினால் 6,78,000. பில்லில் கேட்டிருப்பதோ 16,95,000. பத்து லட்சத்துக்கு மேல் இடைவெளி. இந்தப் பெருக்கலைப் போடாமல், செலான் நகல் இணைக்கப்பட்டுள்ளது என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே.

பெருக்கல் சரியாக வந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. அதே நிறுவனத்தின் வேறு இடத்து ஆட்களுக்குக் கட்டிய செலானை இங்கே காட்டியிருக்கலாம். அதனால் பெயர்வாரியாகப் பார்த்தாக வேண்டும். வார்டு வருகைப் பதிவு, வங்கிக்குப் போன கூலிப் பட்டியல், இ.எஸ்.ஐ. தளத்திலிருந்து எடுத்த மாதச் சந்தாப் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். பெயர் ஒத்துப்போகிறதா, நாள் ஒத்துப்போகிறதா. நூறு பேருக்கு ஒருவர் அரை நாள் உட்கார்ந்தால் முடியும் வேலை.

ஒப்பந்ததாரர்கள் தரப்பிலும் நியாயமான குறை உண்டு. பல மாதம் பில் நிலுவையில் கிடந்தால் சந்தாவை எங்கிருந்து கட்டுவது என்று கேட்கிறார்கள். கூலியையாவது கடன் வாங்கிக் கொடுக்காவிட்டால் மறுநாள் வேலை நின்றுபோகும், இ.எஸ்.ஐ. கட்டாவிட்டால் மறுநாள் எதுவும் நிற்காது. ஆகவே அதுதான் தள்ளிப்போகிறது. பில் தாமதத்துக்கு மாநகராட்சியே காரணம் என்றால், முதன்மை வேலையளிப்பவர் முதலில் கட்டிவிட்டுப் பிறகு கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் காட்டியிருக்கும் வழியை அது பயன்படுத்தட்டும். ஒப்பந்ததாரரின் கைவழியே போகாமல் சந்தா நேராகப் போய்ச் சேர்வதற்கு அதைவிடப் பத்திரமான பாதை எனக்குத் தெரியவில்லை.

2019 ஜூலை 1 முதல் சந்தா விகிதம் குறைக்கப்பட்டதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். அதற்கு முன் வேலை கொடுப்பவர் பங்கு 4.75, தொழிலாளி பங்கு 1.75. 16,950 ரூபாய்க் கூலிக்குப் பழைய விகிதப்படி நிறுவனம் 806 ரூபாய் போட்டிருக்க வேண்டும். இப்போது 551. ஓர் ஆளுக்கு 255 ரூபாய், நூறு பேருக்கு மாதம் 25,500 ரூபாய் மிச்சம். சுமை அதிகம் என்ற பேச்சுக்கு இந்தக் குறைப்புக்குப் பிறகு வலுவில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்தான் இருக்கிறதே, இ.எஸ்.ஐ. எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. அந்தத் திட்டத்தின் பொதுவான வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். மாதம் 16,950 வாங்குகிறவரின் ஆண்டு வருமானம் 2,03,400. பொது விதிப்படி அவர் வெளியே. உள்ளே இருந்தாலும் ஆண்டுக்கு 5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சை கிடைக்கும். கூலி இழப்புக்கு ஒரு ரூபாயும் இல்லை. 2025 ஆகஸ்ட் 14 அன்று தமிழ்நாடு அமைச்சரவை தூய்மைப் பணியாளர்களுக்குத் தொழில்சார் நோய்ச் சிகிச்சைத் திட்டமும், பணியில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்க வழியும், காலை உணவும் அறிவித்தது. வரவேற்க வேண்டியவை. அவை இ.எஸ்.ஐ.க்கு மேல் சேர வேண்டியவை, அதற்குப் பதிலாக நிற்கக்கூடியவை அல்ல.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகராட்சி 2007-இல் ஒரு விதி கொண்டுவந்தது. நகராட்சி ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனம் தன் ஆளுக்கு மருத்துவக் காப்பீடு தர வேண்டும். இல்லையென்றால் அந்த ஆள் வேலை செய்யும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு டாலர் நகராட்சியிடம் கட்ட வேண்டும். காப்பீடு இல்லாதவர்களின் சிகிச்சைக்கு அந்தப் பணம் போகிறது. நம்மிடம் அதைவிட முழுமையான சட்டம் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. மணிக் கணக்கில் சரிபார்க்கும் அந்தப் பழக்கம்தான் இங்கே வரவில்லை.

கடைசியாக ஒரு கணக்கு; எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். போராடிய பணியாளர்கள் கேட்ட நாள் கூலி 761 ரூபாய். நியாயமான கோரிக்கை. 30 நாளுக்கு 22,830 வரும். இ.எஸ்.ஐ. வரம்போ மாதம் 21,000. 761 ரூபாய் வீதம் 27 நாள் என்றால் 20,547, உள்ளே. 28 நாள் என்றால் 21,308, வெளியே. ஒரு நாள் கூலி அவரைக் குடும்பத்தோடு மருத்துவமனைக்கு வெளியே நிறுத்திவிடும். சந்தாக் காலத்தின் நடுவில் கூலி ஏறினால் அந்தக் காலம் முடியும்வரை தொடரலாம், அதற்குரிய பலனும் கிடைக்கும். அதன் பிறகு ஒன்றுமில்லை.

இந்த 21,000 வந்தது 2017 ஜனவரி 1. அதற்கு முன் 1997-இல் 6,500, 2004-இல் 7,500, 2006-இல் 10,000, 2010-இல் 15,000. இந்தப் பட்டியலில் வேறெந்த வரம்பும் இவ்வளவு காலம் அசையாமல் நின்றதில்லை. புதிய தொகுப்பில் ஊதியத்தின் வரையறை மாறி, வீட்டு வாடகைப்படி போன்றவை ஓரளவு வரை கணக்கில் வராமல் போகலாம். அடிப்படையும் பஞ்சப்படியும் மட்டுமே உள்ள நாள் கூலிக்கு அந்த மாற்றம் எந்த உதவியும் செய்யாது. வரம்பை ஏற்றினால் 22,830-க்குச் சந்தா தொழிலாளியிடம் 172, நிறுவனத்திடம் 742, மொத்தம் 914 ரூபாய். இன்றைய 679-ஐவிட 235 அதிகம்.

அந்த வரம்பை டெல்லிதான் மாற்ற வேண்டும். அதுவரை தாம்பரமோ சென்னையோ விடும் டெண்டரில் ஒரு வரி சேர்க்கலாம்: கூலி இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டும் பணியாளருக்கு, நிறுவனத்தின் பங்கான 742 ரூபாய்க்குக் குறையாத தொகையில் அவர் குடும்பத்துக்குக் குழு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். பாலிசியில் ஒவ்வொரு பெயரும் இருக்க வேண்டும். நகல் பில்லோடு வர வேண்டும். நூறு பேருக்கு மாதம் 74,200 ரூபாய். 22,83,000 ரூபாய்க் கூலி பில்லில் அது மூன்றேகால் சதவீதம்.